சர்க்கரை இல்லாமல்

துருக்கியின் மெர்சினில், கணவன் வீட்டுச் சமையலறையில் ரவை வெண்ணெயில் சிவந்துகொண்டிருக்கிறது. நேற்று லெபனானில் சௌசனின் அப்பாவை அடக்கம் செய்துவிட்டார்கள். அவள் கிளம்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. துக்கம் கேட்க வந்த பெண்கள், இந்த ஊர்ச் சாவு வழக்கப்படி, ஆளுக்குக் கொஞ்சம் அல்வாவைக் கிண்டி, வாய்க்குள் துவா சொல்லிக் கரண்டியைக் கைமாற்றுகிறார்கள். மாலை வெயில் சர்க்கரை டப்பாவின் மேல் மினுங்குகிறது. தித்திப்பான ஆவி முகத்தில் அடிக்க, சௌசன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவள் பக்கத்து அடுப்பிலிருந்து கறுத்த காப்பியை ஐந்து கோப்பைகளில் ஊற்றி நீட்டுகிறாள். அவள் ஊரில் சாவு வீட்டில் கொடுப்பது சர்க்கரை போடாத இந்தக் காப்பி ஒன்றுதான்.

பக்கத்து வீட்டு நெவின் ஒரு வாய் குடித்து முகம் சுளிக்கிறாள். "ஐயோ, வேப்பங்கஷாயம்! பெரிஹான் அக்கா, சர்க்கரை எங்க?"

"எங்க வீட்டுச் சாவுக்குச் சர்க்கரை கிடையாது" என்கிறாள் சௌசன்.

மாமியார் பெரிஹான் கரண்டியை நீட்டுகிறார். "கோவத்த விடும்மா. நீ ஒரு தடவ கிண்டு. இந்த வாசனை உங்கப்பாவுக்குப் போய்ச் சேரும்."

"எங்கப்பா செத்ததுக்கு ஊரே தித்திக்கத் தின்னணுமா அத்தை?"

குடித்து முடிக்காத கோப்பைகள் ஒவ்வொன்றாக மேசைக்குத் திரும்புகின்றன. சௌசன் நெவின் வைத்த கோப்பையை எடுத்து மண்டிவரை குடிக்கிறாள். அடுத்ததையும் எடுக்கிறாள். கண்ணீர் வரவில்லை. நீட்டிய கரண்டியோடு மாமியார் நிற்க, யாரும் கிண்டாத ரவை அடிபிடிக்கிறது. சௌசன் மூன்றாவது கோப்பையை எடுக்கிறாள்.