உள்வாடகைக்காரன்

"வாடகைக்கு இருந்த நாலுபேரையும் ஒரேயடியா பிடிச்சுக் கொண்டு போயிட்டானுவ வக்கீலே! வீடு பூட்டிக் கெடக்கு. சாவி அவனுவ இடுப்போட போச்சு. எனக்கு ஒரு வழி சொல்லும்."

பாறசாலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வில்வண்டியில் குலுங்கிக் குலுங்கி வந்து இறங்கிய குற்றாலிங்கம் பிள்ளை, மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நெய்யாற்றின்கரை முன்சீப் கோர்ட்டுக்கு எதிரே இருந்த அந்த அறையில், வக்கீல் தாணுமாலயன் வெற்றிலையை மடித்து வாயில் ஒதுக்கினார். திருவனந்தபுரத்திலிருந்து புதிதாக வந்தவர். சட்டம் நன்றாகத் தெரியும். அடுத்தவரைப் பேசவிடத்தான் தெரியாது.

"என்ன குற்றம்?"

"சாராயம் வித்தானுவளாம். எக்சைஸ்காரனுவ வந்து அள்ளிட்டுப் போனானுவ. அவனுவ யாருன்னா..."

"யாரா இருந்தா என்ன ஓய்! இது பொன்னு தம்புரான் ஆளுத ராஜ்ஜியம். சட்டத்துக்கு முன்னால எல்லாவனும் ஒண்ணு. அவனுவ நடமாட்டம் எப்படி? அதச் சொல்லும்."

பிள்ளை வாசலை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ராத்திரியானா ரெண்டு ரெண்டு பேராட்டு கம்பும் ராந்தலும் எடுத்துட்டு எறங்குவானுவ. விடிஞ்ச பெறகுதான் வந்து படுப்பானுவ."

"கொள்ளைக் கூட்டம்!"

"பகல்ல யாரையாவது கூட்டிட்டு வருவானுவ. வாறவன் நெஞ்ச நிமித்திட்டு வருவான். போறப்ப அழுதுட்டுப் போவான்."

"சூதாட்டமும் உண்டா! நீரு ஒண்ணும் கேக்கலியா?"

"நாம அவனுவகிட்ட என்ன கேக்க முடியும் வக்கீலே? பயம் இல்லியா?"

வக்கீலுக்கு உற்சாகம் வந்துவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சரி, கேளும். கைதானதுனால குடியிருப்பு இல்லாம ஆயிடாது. அவனுவ ஜெயில்ல இருந்தாலும் வீடு அவனுவ அனுபோகத்துலதான் இருக்கு. நீரா போய்ப் பூட்ட உடைச்சா அத்துமீறல். பெறகு நீரும் அவனுவ கூடப் போய் இருக்கணும்."

"அய்யோ! ஆவணில எம் மக கல்யாணசுந்தரிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்கள அந்த வீட்டுலதான் தங்க வைக்கணும்னு இருக்கேன்."

"நோட்டீஸ் அனுப்பலாம். ஜெயில்லயே கையெழுத்துப் போட்டு வாங்குவானுவ. அதுக்கும் அசையலன்னா கேஸ் குடுக்கலாம். தீர்ப்பு வாறப்ப உம்ம பேரனுக்குக் கல்யாணம் வந்திருக்கும். அது வேற காரியம்."

பிள்ளை மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். சொல்லவா வேண்டாமா என்று சற்று யோசித்தவர், சொல்லிவிட்டார்.

"அது மட்டும் இல்ல. வீட்டுக்குள்ள ஒருத்தன் இருக்கான்."

வெற்றிலை மென்றுகொண்டிருந்த வக்கீலின் வாய் நின்றுபோனது. "பூட்டின வீட்டுக்குள்ளயா?"

"ஆமா. 'இவன் எங்க இலாகா இல்ல'ன்னு எக்சைஸ்காரனுவ விட்டுட்டுப் போயிட்டானுவ. பட்டினி கெடந்து செத்தா நமக்குல்லா பாவம்! சன்னல் கம்பி வழியா எம் பொண்டாட்டிதான் மூணு நேரமும் சோறு குடுக்கா." பிள்ளை வயிற்றைத் தடவிக்கொண்டார். "நேத்து அவ வச்ச தீயல் கொழம்பு கொள்ளாம், நல்ல ருசின்னு அந்தப் பய சொல்லிட்டான். இன்னைக்கு அவனுக்கு அவியலும் பப்படமும். எனக்கு வெறும் மோரு. ஏன் சொர்ணம்மான்னு கேட்டா, 'கெட்டிட்டு வந்த நாள்லருந்து நீரு ஒருநாளாவது கொள்ளாம்னு சொன்னதுண்டா'ன்னு சண்டைக்கு வாறா."

இலாகாவும் அவியலும் வக்கீலின் காதில் ஏறவே இல்லை. அவர் மேசையில் ஓங்கித் தட்டினார்.

"உள்வாடகைக்காரன்! உம்மகிட்ட கேக்காம உள்வாடகைக்கு ஆள வச்சிருக்கானுவ. கேஸ் பலமாயிட்டு ஓய்! அவன எறங்கிப் போகச் சொன்னீரா?"

"காலப் பிடிக்காத குறையா சொல்லியாச்சு. ஓட்டப் பிரிச்சு ஏறிப் போயிருடே, நான் கண்ண மூடிக்கிடுதேன்னேன். 'உத்தரவு இல்லாம எறங்க மாட்டேன். பெறகு அதுக்கும் ஒரு கேஸ் வரும்'ங்கான். தின்னு தின்னு தடிச்சுட்டும் வாறான்."

"பாத்தீரா, சட்டம் தெரிஞ்ச பய! எந்த உரிமையில உள்ள வந்தேன்னு கேட்டீரா?"

"உரிமையோட எங்க வந்தான்? அவனுவல்லா அவன இழுத்துட்டு..."

"போதும்!" வக்கீல் கையை உயர்த்தினார். கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டது. எழுந்து, ஆணியில் தொங்கிய கறுப்புக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டே தீர்மானமாகச் சொன்னார்.

"நோட்டீஸும் வேண்டாம், கேஸும் வேண்டாம். ஒரே வழிதான் உண்டு. வண்டியத் திருப்பி நேரா உம்ம ஊர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போம். ஏட்டு கையில ஒரு பராதி எழுதிக் குடும். அவன் ரெண்டு கான்ஸ்டபிளோட வந்து, ஊர்க்காரங்க பாக்க பூட்ட உடைச்சு, உள்ள இருக்கவன கழுத்தப் பிடிச்சு வெளிய கொண்டு வருவான். தீந்துது காரியம்!"

குற்றாலிங்கம் பிள்ளை இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தார்.

"அதத்தானே வக்கீலே வந்ததுலருந்து சொல்ல வாறேன்! என் வீட்டுல வாடகைக்கு இருந்ததே எங்க ஊர் போலீஸ் ஸ்டேஷன்தான். உள்ள இருந்து தீயல் திங்கவன், என் விளையில தேங்கா களவாண்டு அம்புட்ட கள்ளனாக்கும்!"