முதல் குண்டு

"அதைச் சுடாதீங்க!"

கத்தியது வேறு யாராவது என்றால் வேட்டைக்காரர் கிளெம் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். கத்தியது லோரீன். சிங்கம் கிழித்ததாக முழங்கை முதல் மணிக்கட்டு வரை கட்டுப் போட்டிருந்த அதே லோரீன். பனியில் விழுந்து எழுந்து ஏறி வந்து, பைன் மரத்தடியில் மூச்சிரைக்க நின்றாள்.

மரத்தின் மேல் கிளையில் பூமா என்னும் மலைச்சிங்கம். கீழே கிளெம்மின் வேட்டை நாய்கள் தொண்டை கிழியக் குரைத்துக்கொண்டிருந்தன.

"உன்னை வண்டியிலயே இருன்னு சொன்னேன்ல? இந்தக் குளிர்ல எதுக்கும்மா வந்தே?"

அவள் கணவன் வெர்னன் ஓடி வந்தான். தன் கோட்டைக் கழற்றி அவள் மேல் போர்த்தினான்.

லோரீன் அவன் பக்கமே திரும்பவில்லை. வனவிலங்குத் துறை அதிகாரி மார்சியைத்தான் பார்த்தாள்.

"விட்டுடுங்க மார்சி. பாவம் அது."

"பாவமா? உன் கையை நார் நாராக் கிழிச்சிருக்கு!" மார்சிக்குக் கோபமே வந்துவிட்டது. "மனுஷங்க மேல பாஞ்ச சிங்கத்தை உயிரோட விட எனக்கு அதிகாரம் இல்ல லோரீன். இன்னிக்கு உன் கை. நாளைக்கு ஸ்கூல் பஸ்ஸுக்கு நிக்கிற குழந்தையோட கழுத்தா இருந்தா?"

"இதுதான் பாஞ்சுதுன்னு என்ன நிச்சயம்?"

கிளெம் தாடியைச் சொறிந்தார்.

"அவ கேக்கறதும் சரிதான். விறகுக் கொட்டகைகிட்டதான் பாஞ்சுதுன்னாங்க, அங்க என் நாய்ங்க மோப்பமே பிடிக்கல. ஓடைக்கரைக்குப் போன பிறகுதான் தடம் கெடச்சுது."

"பனி மூடியிருக்கும்," என்றான் வெர்னன். "இல்லேன்னா உனக்கு மாதிரியே உன் நாய்ங்களுக்கும் மூக்கடைப்பு வந்திருக்கும்."

கிளெம் சிரித்துவிட்டார். மார்சியும்தான்.

மொன்டானாவின் அந்தப் பள்ளத்தாக்கில் வெர்னனைப் பிடிக்காதவர்கள் கிடையாது. யார் வீட்டு மாடு பனியில் சிக்கினாலும் முதல் ஆளாக டிராக்டரோடு வந்து நிற்பான். இப்போது வெறும் மண்வெட்டியால் சிங்கத்தை விரட்டி மனைவியைக் காப்பாற்றியவன் வேறு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டியிருந்தார்கள்.

"அதுக்குக் குட்டி இருந்தா?" லோரீன் விடவில்லை.

"மனசு அப்படி இவளுக்கு," என்றான் வெர்னன். "எலிப்பொறியில எலி மாட்டினாக்கூட ரெண்டு நாள் சாப்பிட மாட்டா."

இப்படி ஒரு மனைவி, அவளைத் தாங்க இப்படி ஒரு கணவன். மார்சிக்கு நெஞ்சு இளகியது.

சிங்கம் யாரையாவது தாக்கினால், அடிபட்டவரின் வீட்டாருக்குத்தான் முதல் குண்டு சுடும் உரிமை. சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை. அந்த ஊர் ஆட்கள் ஒருவருக்கொருவர் காட்டும் மரியாதை அது. மார்சியும் அந்த ஊர்க்காரிதான்.

தன் துப்பாக்கியை வெர்னனிடம் நீட்டினாள்.

"வேணாம்..." என்றாள் லோரீன்.

வெர்னன் நிதானமாகக் குறிபார்த்தான். ஒரே குண்டு. கிளைகளை முறித்துக்கொண்டு சிங்கம் பனியில் வந்து விழுந்தது.

கிளெம் நாய்களை இழுத்துக் கட்டிவிட்டு அதைப் புரட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறிப்போனது.

"பெட்டை. காம்பெல்லாம் பால்."

கிளெம் ஓடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"குட்டிங்க எங்கியோ பசியில கத்திக்கிட்டு இருக்கும். இந்தக் குளிரைத் தாங்காது," என்று முனகினார் கிளெம். "இது வந்த தடத்தைப் பிடிச்சுப் பின்னால போய்ப் பாக்கறேன். ஒண்ணாவது கெடச்சாலும் சரி."

"இரு, நானும் வரேன். நீ தனியா ஏற வேணாம்," என்றான் வெர்னன். துப்பாக்கியை மார்சியிடம் கொடுத்துவிட்டு, மனைவியின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனான்.

அவர்கள் மேட்டைத் தாண்டி மறைந்தார்கள்.

மார்சி குனிந்து, சிங்கத்தின் பாதங்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் விட்டுக் கட்ட ஆரம்பித்தாள்.

"இது எதுக்கு?" என்றாள் லோரீன்.

"நகத்துல உன் ரத்தம் இருக்கான்னு ஆய்வுக்கூடத்துல பாப்பாங்க. வழக்கமாச் செய்யறதுதான்."

"இருக்காது."

"என்னது?"

"வைக்கோல் கட்டு தூக்குற இரும்புக் கொக்கி இருக்குல்ல, அதுல பாக்கச் சொல்லுங்க." லோரீன் வெர்னன் போர்த்திய கோட்டைக் கழற்றிக் கீழே போட்டாள். "அன்னிக்கு எங்க வீட்டுப் பக்கம் சிங்கமே வரல மார்சி. அவன்தான் இருந்தான்."

மார்சி கட்டுவதை நிறுத்தினாள். செத்துக் கிடந்ததைப் பார்த்தாள். இன்னும் சூடு ஆறாத துப்பாக்கியைப் பார்த்தாள். அதை அவன் கையில் கொடுத்ததே தான்தான்.

"கடவுளே! ஏன் லோரீன், எங்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனே. போன வருஷம் தோள்பட்டை உடைஞ்சப்ப உங்ககிட்டதான் முதல்ல வந்து சொன்னேன். 'வெர்னனா? இருக்காது. கொஞ்சம் அனுசரிச்சுப் போ'ன்னீங்க," என்றாள் லோரீன். "அன்னிக்கே சிங்கம்னு சொல்லியிருந்தா, துப்பாக்கியோட ஓடி வந்திருப்பீங்க."