தேறியவளின் குரல்

எங்கள் வாசல் பெயர்ப்பலகையில் மூன்று தலைமுறை மருத்துவர்களின் பெயர்கள் இருக்கின்றன. என் மகள் நறுமுகை நுழைவுத்தேர்வில் நான்கு மதிப்பெண்ணில் தவறியபோது, தேறியிருந்தால் அவள் எப்படிப் பேசுவாளோ அப்படியே பேசும் கருவியை வாங்கிக் கூடத்தில் வைத்தேன். நறுமுகை சென்னை விடுதியிலிருந்து பேசுவதாகவே உறவினர்கள் நம்புகிறார்கள்.

மறுதேர்வுக்குப் பதிய இன்று கடைசி நாள். பதிந்தால் அந்தக் குரல் அழிந்துவிடும் என்பது கருவியை விற்றவர்களின் நிபந்தனை.

"எழுதட்டுமாப்பா? இந்தத் தடவை மார்க் வாங்கிடுவேன்," என்று நறுமுகை கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் அதே குரல் கருவியிலிருந்து வந்தது. "இன்னைக்கு முதல் தடவையா பிணத்தை அறுத்தோம்பா. எனக்குக் கை நடுங்கவே இல்ல."

இவள் மறுபடியும் தோற்கலாம். அவள் தோற்கவே மாட்டாள்.

"வேண்டாம்மா," என்றேன்.

அழைப்பு மணி அடித்தது. நான் சொல்லாமலே நறுமுகை வாசலில் கிடந்த தன் செருப்பை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். நான் கதவைத் திறந்தேன். என் தங்கை கல்யாணப் பத்திரிகையும் தாம்பாளமுமாக நின்றாள்.

"வாங்க அத்தை," என்றது கருவி.

"அடி என் டாக்டரே! வீட்டுக்குள்ள நின்னு கூப்பிடற மாதிரியே இருக்குடி," என்று தங்கை கண் கலங்கினாள்.

உள்ளறைத் தாழ்ப்பாள் விழுந்தது எனக்கு மட்டும் கேட்டது.