பசாசுக்கு விழுந்த கைதட்டு

திரைக்குப் பின்னாலிருந்து முதலில் கொம்புதான் நீண்டது. அவ்வளவுதான், கடற்கரையே விசிலடித்தது.

மேடையில், சாக்குத்துணியால் செய்த பாறைமேல் உட்கார்ந்து அவன் பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளை அங்கி. நாற்பது நாளாக வளர்த்த சொந்தத் தாடி.

இயேசுவின் பாடுகளைக் காட்டும் இந்த ஊர்ப் பாஸ்கா நாடகத்தில் ஏழு வருடமாக இயேசு அவன்தான்.

இயேசு வேஷம் கட்டுகிறவன் தவக்காலம் முடியும்வரை மீனைத் தொடக் கூடாது என்பது ஊர் வழக்கம். மீன் பிடிக்கிற ஊரில்! கள் கூடாது. பெண்டாட்டி பக்கத்தில் படுக்கக் கூடாது. வலை கிழிந்தாலும் கெட்ட வார்த்தை வரக் கூடாது.

பசாசு வேஷம் கட்டும் கஸ்பாருக்கு ஒரு தடையும் கிடையாது. சீலாமீன் குழம்பை மூக்குப்பிடிக்கத் தின்றுவிட்டு மேடையேறுவான். ஏப்பம் விடுவான். அந்த ஏப்பத்துக்கும் கைதட்டு.

வயிறு எரியுமா, எரியாதா?

எல்லாம் அந்தக் கொம்பு படுத்துகிற பாடு என்று நினைத்தான். வேதத்தைப் புரட்டிப் பார்த்தான். பாலைவனத்தில் பசாசு இயேசுவைச் சோதிக்கும் கட்டத்தில் கொம்பும் இல்லை, வாலும் இல்லை. போன வாரம் பங்குச் சாமியாரிடம் போய் முறையிட்டான்.

சாமியார் சிரித்தார்.

"அதெல்லாம் ஐரோப்பாவுல படம் வரைஞ்சவங்க ஒட்டவச்சதுப்பா. ஆட்டுக்கால் அங்க இருந்த பழைய காட்டுச் சாமியோடது. சிறகு வௌவாலோடது. எல்லாம் கப்பலேறி இங்க வந்துட்டு. இப்பக் கழட்டுனா சனம் நம்மளக் கல்லெறியும்."

ஆக, பசாசை அலங்கரிக்க அங்கே நூற்றாண்டு நூற்றாண்டாக ஆள் இருந்திருக்கிறது. இவனுக்கு ஒரு வெள்ளை அங்கி.

கஸ்பார் வாலைச் சுழற்றியபடி பாறையை மூன்று சுற்று வந்தான். முன்வரிசையில் பிலோமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பிலோமி அவன் மனைவி. அவன் சிலுவை சுமக்கும்போது வருடந்தோறும் அழுவாள். கைதட்டியது கிடையாது. சிலுவைக்கு யார் கைதட்டுவார்கள்?

அவனுக்கு ஒரு கைதட்டு வேண்டும். ஒன்றே ஒன்று. அதுவும் அவள் கையால்.

கஸ்பார் கூட்டத்தைக் காட்டிக் கையை விரித்தான். "ஒரே ஒருமுறை என்னை வணங்கு. காண்பதெல்லாம் உனக்கே!"

இப்போது அவன் "அகன்று போ, சாத்தானே!" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் பசாசு விழும். காட்சி முடியும்.

அவன் சொல்லவில்லை.

நிற்கட்டும். வாலைப் பிடித்துக்கொண்டு முழிக்கட்டும்.

கஸ்பார் இரண்டாம் தடவை கேட்டான். மூன்றாம் தடவையும் கேட்டான்.

"இயேசு யோசிக்காரு டோய்!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். கடற்கரை கொல்லென்று சிரித்தது. பிலோமி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

கஸ்பார் சிறகை விரித்து இருவரையும் மறைத்தான். அவன் காதோரம் குனிந்தான்.

"அண்ணே, வசனம் மறந்துட்டா? அகன்று போன்னு நெசமாவே திட்டுங்க. நான் நல்லா விழுறேன். கைதட்டு மொத்தமும் ஒங்களுக்குத்தான்."

அந்த வாயில் மீன் வாசம் அடித்தது.

நாற்பது நாள் அடக்கிவைத்ததெல்லாம் ஒன்றாய்க் கிளம்பியது. "அகன்று போ, சாத்தானே!" என்று அவன் கத்திய கத்தில் மைக் கீச்சிட்டது.

கஸ்பார் துள்ளி, உருண்டு, சிறகு ஒடிய மேடை விளிம்பில் வந்து விழுந்தான். இத்தனை வருடத்தில் அவன் அப்படி விழுந்ததே இல்லை.

கூட்டம் எழுந்து நின்றது. பிலோமியும் எழுந்தாள். கை சிவக்கச் சிவக்கத் தட்டினாள்.

அப்பாடா. அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவன் மண்டியிட்டு வானத்தைப் பார்க்க வேண்டும். அப்போது வானதூதர்களான சம்மனசுகள் இறங்கி வந்து பணிவிடை செய்வார்கள். நாடகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

அவன் மேடை விளிம்புக்கு நடந்தான். இரண்டு கையையும் கூப்பி, இடுப்பு வளையக் கூட்டத்தைக் கும்பிட்டான். காலடியில் மல்லாந்து கிடந்த கஸ்பார், கண்ணைத் திறந்து அந்தக் கும்பிடைப் பார்த்தான்.

பின்னால் ஏணியின் உச்சியில், சம்மனசு வேஷம் கட்டிய இரண்டு பெண்களும் இறங்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள்.