அகலம் பார்த்த ரத்தக்குழாய்

கதிரேசனும் அவர் மனைவி உமையாளும் கைகோத்து நடக்கையில், இருவரின் மணிக்கட்டு ரத்தக்குழாய்களும் பேசிக்கொள்ளும்.

பல மாத நடைப்பயிற்சியில் கதிரேசனின் குழாய் நன்றாக அகன்றுவிட்டது. அதற்குப் பெருமை பிடிபடவில்லை.

“நீ மட்டும் ஏம்மா அப்படியே ஒல்லியா இருக்கே? உனக்கு நடை ஒத்துக்கலை. நாளையிலேர்ந்து உமையாளை வீட்டிலேயே இருந்துக்கச் சொல்லு,” என்றது.

உமையாளின் குழாய் தன்பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது.

ரயில்வே மேம்பாலப் படியேறி முடித்ததும் உமையாளுக்கு மூச்சு வாங்கியது. கதிரேசன் அவள் கையை இறுகக் கோத்துக்கொண்டார். ரத்தம் குபுகுபுவென்று பாய்ந்து வர, அவள் குழாய் ஒவ்வொரு துடிப்புக்கும் புது ரப்பரைப்போல விரிந்து, மெத்தென்று சுருங்கியது. ஒட்டியிருந்த கதிரேசனின் குழாய்க்கு அது தெரிந்தது. தன்னால் அப்படி முடியாது என்பதும் தெரிந்தது.

“இப்படி நெகிழ எப்போம்மா கத்துக்கிட்டே?”

“நீங்க என் அகலத்தை அளந்துக்கிட்டிருந்தப்போதான்.”