எதிரே வந்தவள்

"வண்டிய திருப்புடா. அந்த அறுதலி வந்து நின்னுட்டா."

வாசலிலிருந்து அம்மா பொன்னம்மாள் கத்தினாள். சம்பத் பிரேக்கை மிதித்தான். தெருமுனையில், காருக்கு நேர் எதிரே, வெள்ளைப் புடவையும் இடுப்பில் காலிக் குடமுமாக, அதே தெருவில் குடியிருந்த நாகவல்லி நின்றிருந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமையும் இதே கதைதான். அதற்கு முந்தின வாரமும் இதே கதைதான்.

சம்பத் காலேஜில் படித்தவன். சகுனமாவது மண்ணாவது என்று அம்பத்தூர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவான். ஆனாலும் வண்டியைத் திருப்பிவிட்டான். பேச்சு வேறு, உயிர் வேறு அல்லவா?

கார் வாங்கின நாளிலிருந்தே அவனுக்கும் அம்மாவுக்கும் இழுபறிதான். மவுண்ட் ரோடு தரகன் காட்டிய பழைய கார்களில் பெரியது ஒன்றைப் பொன்னம்மாள் பார்த்து வைத்திருந்தாள். குடும்பத்தோடு கோயிலுக்குப் போகலாம் என்பது அவள் கணக்கு. சம்பத்தின் கண் போனதோ, சீமைக்குத் திரும்பின ஒரு துரை விட்டுப்போன குட்டிக் காரின் மேல். இரண்டு பேர்தான் உட்காரலாம். கூரை கிடையாது. ஆனால் பேய் வேகம்.

அந்த வேகமும் அவனுக்குப் போதவில்லை. பக்கத்து ஊரான பாடியில் பட்டறை வைத்திருந்த கன்னியப்பனிடம் விட்டு, பாரம் குறையட்டும் என்று மட்கார்டுகளைக் கழற்றச் சொன்னான். கூட ஒரு கார்புரேட்டர் மாட்டச் சொன்னான். பந்தயத்துக்குக் கிளம்பும் காலையில் சைலென்சரையும் கழற்றிவிடுவான். அந்தச் சத்தத்தில் தெருவிலிருக்கும் மாடெல்லாம் கயிற்றை அறுத்துக்கொள்ளும்.

"என்ஜினுக்குப் பலம் குடுத்தாச்சு நைனா. பிரேக்குக்கு இன்னா செய்யப்போறீங்க? கேபிளெல்லாம் தேஞ்சு கீது," என்றான் கன்னியப்பன்.

"நிக்கிறதுக்கா காரு வாங்கினேன்? பந்தயம் முடியட்டும், பாத்துக்கலாம்."

பந்தயம் சிநேகிதன் திருவேங்கடத்தோடு. பூந்தமல்லி ரோட்டில் யார் கார் முந்துகிறது என்று பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் வந்து காத்திருந்துவிட்டு, "இன்னா மச்சான், இன்னிக்கும் அம்மா முந்தானைக்குள்ள பூந்துகினியா?" என்று சொல்லியனுப்புவான். சம்பத்துக்கு மானம் போயிற்று.

அதே ரோட்டில்தான் நாகவல்லியின் புருஷன் துலுக்கானம் செத்தான். ஒரு துரைக்கு டிரைவராக இருந்தவன். இன்னொரு துரையின் காரை முந்து என்று உத்தரவு. முந்தினான். திருவேற்காடு திருப்பத்தில் புளியமரம் குறுக்கே நின்றது.

"அவ புருஷன காரு தின்னுடுச்சு. எம் புள்ள காருல போறத பாத்தா அவளுக்கு வயிறு எரியுது," என்றாள் பொன்னம்மாள். தெருவே அதற்கு ஆமாம் போட்டது. ஒருநாள் பொன்னம்மாள் ஆத்திரம் தாங்காமல் சாணித் தண்ணீரை அவள் மேலேயே ஊற்றிவிட்டாள். நாகவல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பார்த்தவர்களில் ஒருத்திக்கும் பாவம் என்று சொல்லத் தோன்றவில்லை.

மாசமாக இருந்த சம்பத்தின் மனைவி வரலட்சுமி மட்டும் அவனிடம் மெதுவாகச் சொன்னாள். "நாம்ப காருல சத்தமில்லாம மொள்ளமா கோயிலுக்குப் போனோமே, அன்னிக்கு அந்தக்கா எதுக்க வரலியே. நம்மள பாத்துட்டு கதவ சாத்திக்கினாங்க."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இரு," என்று அடக்கினான் சம்பத்.

அந்தச் சனிக்கிழமை சம்பத் ஒரு வழி கண்டுபிடித்தான். காரைக் கொண்டுபோய்ப் பாடிப் பட்டறையிலேயே விட்டான். ராத்திரி தானும் அங்கேயே படுத்துக்கொள்வதாக ஏற்பாடு. காலையில் அங்கிருந்தே கிளம்பினால் அந்த முகத்தில் விழிக்க வேண்டாம்.

பொன்னம்மாளுக்கு இதை வயிற்றில் வைத்துக்கொள்ள முடியுமா? நாகவல்லி வீட்டு வாசலில் நின்றுகொண்டே சொன்னாள்.

"நாளைக்கு எம் புள்ள பாடிலேர்ந்து கெளம்புறான்டி. இப்ப இன்னா பண்ணுவே?"

பொழுது விடிந்தது. கன்னியப்பன் கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தான். பழம் நசுங்க, கார் இடிபோல முழங்கிக்கொண்டு பட்டறைச் சந்திலிருந்து வெளியே வந்தது. சம்பத் ரோட்டில் திருப்பினான்.

எதிரே வெள்ளைப் புடவை.

அம்பத்தூரிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். முழங்கால் வரைக்கும் புழுதி. இடுப்பில் அதே காலிக் குடம்.

சம்பத் பிரேக்கை மிதித்தான். கார் நிற்கவில்லை. எழுந்து நின்று மிதித்தான். அப்போதும் அது இழுத்துக்கொண்டே போயிற்று. குடத்தில் மோதி, அதைத் தூள் தூளாக்கி, அவள் புடவைத் தலைப்பின் மேல் ஏறி, அதற்கப்புறம்தான் நின்றது. இத்தனைக்கும் வண்டி இன்னும் வேகமே எடுத்திருக்கவில்லை.

அவள் ஓர் அடிகூட நகரவில்லை.

சம்பத் காரிலிருந்து குதித்தான். அவன் பயமெல்லாம் கோபமாக வெளியே வந்தது.

"உனக்கு நான் இன்னா கெடுதல் பண்ணேன்? நான் நாசமாப் போவணும்னே எதுக்க வந்துகினு இருக்கியா?"

நாகவல்லி குனிந்து, சக்கரத்தின் அடியில் மாட்டிய தலைப்பை இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"நல்லா திட்டு தம்பி. திட்டிட்டு ஊட்டுக்குத் திரும்பிப் போயிடு, அது போதும்," என்றாள். "அந்த மனுசன் கெளம்பின அன்னிக்கு, எதுக்க வர்றதுக்கு ஒரு தாலியறுத்தவ கெடைக்கலியே எனக்கு."