கத்தரிச்செடிக்குச் சாம்பல்

வீட்டுத் தோட்டத்துக் கத்தரிச்செடியில் பூச்சி அப்பி, இலையெல்லாம் சுருண்டு கிடந்தது. அங்கே மேய்ந்த சேவல் எம்பி எம்பிக் கொத்திப் பார்த்தது.

"மேல் இலை எட்ட மாட்டேங்குதே அக்கா. ஆனாலும் உன்னைச் சாக விடமாட்டேன்."

"நீ மட்டும் இல்லேன்னா நான் என்னைக்கோ பட்டுப் போயிருப்பேன்டா," என்று செடி உருகியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர்கள் சேவலை அறுத்து, தோட்டத்திலேயே கரி மூட்டிச் சுட்டுத் தின்றார்கள். செடி மாய்ந்து மாய்ந்து அழுதது. மறுநாள் வீட்டுக்காரி அந்த அடுப்புச் சாம்பலை அள்ளிவந்து இலை இலையாகத் தூவினாள். நாலே நாளில் பூச்சி ஒழிந்தது. செடி பூத்துக் கொத்துக் கொத்தாய்க் காய்த்தது. அழுகை என்றைக்கு நின்றது என்று அதற்கே நினைவில்லை.

ஒரு மழையில் சாம்பலெல்லாம் கரைந்துபோக, பூச்சி மறுபடி வந்து அப்பியது. அதே வாரம் வீட்டுக்காரி ஒரு இளஞ்சேவலை வாங்கிவந்து தோட்டத்தில் விட்டாள். அது சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "எனக்கு முன்னாடி இங்க யாராவது இருந்தாங்களாக்கா?" என்று கேட்டது.

செடி சாம்பல் கரைந்துபோன தன் இலைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டது.

"யாருமில்லடா தம்பி. அந்த ஓரத்துல புழு நிறைய இருக்கு. நல்லாத் தின்னு, சீக்கிரம் வளரு."